நான்காவது தெருவில் நெல்

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று காலை பதினோரு மணிக்கு நான் பொன்மாரி நகர் நான்காவது தெரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் ஆனேன். அந்த நேரத்தில் உழவர் சந்தையில் வாழைத்தண்டு வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் சங்கத்தில் கூட்டத்துக்கு வராதவரைத்தான் பதவிக்குத் தேர்ந்தெடுப்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்பார்கள். வராதவரால் அதைச் சொல்ல முடியாது. தலைவர் லூர்துசாமி சாரும் போன வருடம் பல் பிடுங்கப் போன நேரத்தில்தான் தலைவரானார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். "எல்லாரும் கை தூக்குனாங்க இந்திராணி, நானும் தூக்கிட்டேன்" என்கிறார்.

செயலாளர் என்ற முறையில் நிலவரத்தை எழுதி வைக்கிறேன். ஜூலையில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டினார்கள். குழாயைப் போட்டார்கள், மண்ணைப் பாதி மூடினார்கள், போய்விட்டார்கள். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும்தான் தார். அங்கிருந்து கடைசி வீடான எங்கள் வீடு வரை இருநூறு மீட்டருக்குச் சேறு. ஆட்டோக்காரர்கள் தொட்டியைப் பார்த்ததும் பிரேக் பிடிக்கிறார்கள்.

புதன்கிழமை அபிநயா வருகிறாள். என் ஒரே பெண். முதல் பிரசவம். டிசம்பர் 26 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு ஆட்டோ என் வாசலில் வந்து நிற்க வேண்டும். செயலாளராக எனக்கு இந்த ஒரு வேலைதான். மற்றதெல்லாம் நாயும் கொசுவும்.

அக்டோபர் 8, புதன்

அபி வந்தாள். மாப்பிள்ளை ஓசூரிலிருந்து காரில் கூட்டிவந்து தொட்டியடியில் இறக்கிவிட்டார். ஏழு மாத வயிற்றோடு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் பிடித்துக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து நிமிடம் ஆனது. வந்ததும் கால் கழுவிவிட்டு வத்தக்குழம்பு கேட்டாள். மாப்பிள்ளை காரில் வந்த ஷூவைக் கடைசிவரை கழற்றவில்லை. அது இப்போது என் கொல்லையில் காய்கிறது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "பேசாம செண்பகம் வீட்டுல கொண்டு விட்டுறலாமா? ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம்தானே." நான் மோர் ஊற்றினேன்.

செண்பகம் இவருக்குத் தங்கை, என் நாத்தனார். இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று, பால் பொங்குவதற்குள், "இவ்ளோ பள்ளத்துல போய் மனை வாங்கியிருக்கீங்களே அண்ணி, ஒரு மழைக்குத் தாங்குமா?" என்று நூறு பேர் முன்னால் கேட்டவள். இவர் டவுனில் ஃப்ளாட் வாங்கலாம் என்றபோது, சொந்தமாகத் தரை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான். அதனால் கேள்வி எனக்குத்தான். ஆறு வருடமாக நான் அவளோடு பேசுவதில்லை. கோபமெல்லாம் கிடையாது. பேச விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

என் தலைமையில்லாத, என் வீட்டுக் கூடத்தில் நடந்த, என் காபியைக் குடித்த முதல் கூட்டம். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். கேமரா வைப்பது பற்றி ஐந்து நிமிடம், கேமராவை யார் வீட்டுச் சுவரில் வைப்பது என்பது பற்றி நாற்பது நிமிடம். பிறகு நாய்.

தெரு விஷயத்தை நான்தான் இழுத்து வந்தேன். மாநகராட்சிக்கு ஆறு மனு கொடுத்தாகிவிட்டது. லூர்துசாமி சார் ரயில்வேயில் இருந்தவர், போராட்டம் பல பார்த்தவர். "மனுவெல்லாம் பத்தாது. சேத்துல நாத்து நட்டு போட்டோ எடுத்துப் பத்திரிகையில போடணும். மறுநாளே ஜல்லி வரும்" என்றார். எல்லா ஊரிலும் செய்வதுதான். நாலு பெண்கள் குனிந்து நிற்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், கை கழுவிக்கொண்டு வர வேண்டும்.

நாற்றுக்கு எங்கே போவது என்றதும் பதின்மூன்றாம் எண் வீட்டுக் குணசீலன் சார் தொண்டையைச் செருமினார். வேளாண்மைத் துறையில் முப்பத்தி நாலு வருடம். கூட்டத்தில் இதுவரை அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. "லால்குடியில எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. என்ன ரகம் வேணும்?" என்றார்.

"பச்சையா இருந்தா போதும் சார்" என்றார் தலைவர்.

குணசீலன் சார் அவரைப் பார்த்த பார்வையை நான் தீர்மானப் புத்தகத்தில் எழுதவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

போராட்டம் மாபெரும் வெற்றி. என் இடுப்பு போய்விட்டது.

ஒன்பது மணிக்குப் புகைப்படக்காரர் வந்தார். நாங்கள் ஆறு பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினோம். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டி நடுவில் நின்றார். அவர் கையில் நாற்று இல்லை, முஷ்டி இருந்தது. பத்து நிமிடத்தில் படம் முடிந்தது. நாங்கள் மேலேறப் பார்த்தால், குணசீலன் சார் குறுக்கே கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஒரு குத்துக்கு மூணு நாத்துக்கு மேல வைக்காதீங்க மேடம். ஆழமா அழுத்தாதீங்க, தூர் கட்டாது."

"சார், போட்டோ முடிஞ்சிருச்சு" என்றேன்.

"நாத்து முடியலையே" என்றார். இருபது முடிச்சு கொண்டுவந்திருந்தார். அதைக் கீழே போட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லை. ஒன்பதாம் எண் வீட்டிலிருந்து பதினேழாம் எண் வரை, குழாய் தோண்டிய பள்ளத்தையும் சுவரோரம் ஒரு ஆள் நடக்கும் வழியையும் விட்டுவிட்டு மீதி அகலம் முழுக்க, நூல் பிடித்த மாதிரி நட்டு முடிக்கும்போது மணி ஒன்றரை. அபி மாடியிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் இப்படிச் சிரித்து நாளாகிறது.

அக்டோபர் 17, வெள்ளி

படம் வந்துவிட்டது. தலைவர் முழுசாக. என் முதுகு பாதி. படத்தை இணைத்து ஏழாவது மனுவை நானே எழுதினேன். முதல் வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் ஜோராகப் போட்டேன்: "நகர்வாசிகளாகிய நாங்கள், 9 முதல் 17 வரையிலான வீடுகளின் முன்னால் நெல் சாகுபடி செய்து வருகிறோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." படித்துக்காட்டியபோது கூட்டம் கை தட்டியது.

அக்டோபர் 22, புதன்

தீபாவளிக்குச் செண்பகம் இவரிடம் அதிரசம் கொடுத்தனுப்பியிருந்தாள். எண்ணெய் கொஞ்சம் அதிகம். சந்தேகமாக இருந்ததால் நாலு தின்று உறுதி செய்துகொண்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

மூன்று நாள் மழைக்குப் பிறகு பொறியாளர் ஒருவர் தெருவைப் பார்க்க வந்தார். சின்ன வயது. தொட்டியடியில் பைக்கை நிறுத்திவிட்டு, ஒன்பதாம் எண் வீடு வரை வந்து நின்றார். பயிர் முழங்கால் உயரம். சாக்கடைத் தண்ணீர் ஊறிய மண் என்பதால் கரும்பச்சை.

"நல்லா வந்திருக்குங்க" என்றார்.

"யூரியா மேலுரமா ஒரு தடவை போட்டேன்" என்றார் குணசீலன் சார்.

இருவரும் அங்கேயே நின்று புகையான் பூச்சி பற்றிப் பேசினார்கள். நான் குறுக்கே போய், தெரு, பாதாளச் சாக்கடை, என் பெண், டிசம்பர் என்று எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டார். மரியாதையான பையன். கண்டிப்பாக நடக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

கூட்டம். பதினைந்தாம் எண் வீட்டு மும்தாஜ் ஒரு பாம்புச் சட்டையைத் தினத்தாளில் மடித்து எடுத்து வந்திருந்தார். "எலி வருது, எலி பின்னால இது வருது. பிள்ளைங்க எப்படி டியூஷன் போகும்?" நியாயம்தான்.

தலைவர் எழுந்தார். "போட்டோவுக்குத்தான் நட்டோம். வேலை முடிஞ்சுது. பிடுங்கிப் போட்டுரலாம்."

"தூர் கட்டி நிக்குற பயிரைப் பிடுங்குவீங்களா?" என்றார் குணசீலன் சார்.

"இது வயல் இல்ல சார், தெரு."

"பயிருக்கு அது தெரியாதே சார்."

அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஒருவர் பேசுவதை இன்னொருவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, "அவர்கிட்ட சொல்லுங்க மேடம்" என்கிறார்கள். வயதான மனிதர்கள் இப்படி வீம்பு பிடிப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

"தங்களது ஏழாவது மனு பரிசீலிக்கப்பட்டது. தள ஆய்வில் மேற்படி இடத்தில் நெற்பயிர் நல்ல நிலையில் இருப்பது கண்டறியப்பட்டது. பயிருக்குச் சேதம் ஏற்படா வண்ணம், அறுவடை முடிந்ததற்கான சான்று சமர்ப்பிக்கப்பட்ட பின் சாலைப் பணி மேற்கொள்ளப்படும்."

இரண்டு தடவை படித்தேன். பிறகு என் மனுவின் நகலை எடுத்து முதல் வாக்கியத்தைப் படித்தேன். மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டது நான்தான்.

குணசீலன் சாரிடம் காட்டினேன். "நல்ல நிலையில்" என்ற இடத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். அறுவடை எப்போது என்றேன். பொங்கலை ஒட்டி வரும் என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார், பாவம். அபியிடம் கடிதத்தைக் காட்டவில்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

பரிசோதனைக்குப் போனோம். கால் வீக்கம். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தேதிக்கு முன்னாலயே வரலாம். கூப்பிட்ட பத்து நிமிஷத்துல வர்ற தூரத்துல வச்சுக்கங்க" என்றார்.

திரும்பி வரும்போது பதினோராம் எண் வீட்டெதிரே அபிக்குக் கால் வழுக்கியது. விழவில்லை. நான் பிடித்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல், "நாளைக்கே செண்பகம் வீட்டுக்குப் போயிரலாம் இந்திராணி" என்றார். நான் நிதானமாகக் காரணங்களைச் சொன்னேன். அங்கே காற்றோட்டம் கிடையாது. செண்பகம் சாம்பாரில் வெல்லம் போடுவாள், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது. படி ஏறி இறங்க முடியாது.

"அத்தை வீடு கீழ்வீடும்மா" என்றாள் அபி.

படி என்று நான் சொன்னது வாசற்படியை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரிம்மா. இங்கயே இருக்கேன்" என்றாள். பெண்ணுக்குத் தாய் வீடுதானே பிடிக்கும்.

நவம்பர் 30, ஞாயிறு

அவசரக் கூட்டம். நானே கூட்டினேன். பயிரைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கியதைப் படம் எடுத்து அனுப்பினால் பத்து நாளில் ஜல்லி கொட்டிவிடலாம் என்று அந்தப் பொறியாளர் போனில் சொல்லியிருந்தார். வாக்கெடுப்பில் பிடுங்க வேண்டும் என்று பத்தொன்பது கை. குணசீலன் சார் கையைத் தூக்கவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. கடைசியில் அவரும் மெதுவாகத் தூக்கினார். "மேடத்தோட பொண்ணு வயித்துப்பிள்ளைக்காரி. நான் குறுக்க நிக்கல" என்றார். ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது.

நாளைக் காலை ஏழு மணிக்குப் பிடுங்குகிறோம்.

டிசம்பர் 1, திங்கள்

பிடுங்கவில்லை.

ஏழு மணிக்குப் பதினான்கு பேர் போனோம். தலைவர் அரிவாள் கூடக் கொண்டுவந்திருந்தார். போய்ப் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கதிர் தலைகாட்டியிருந்தது. தலைவர் குனிந்தார். ஒரு குத்தைப் பிடித்தார். விட்டுவிட்டார். அரிவாளை என்னிடம் நீட்டி, "நீங்க ஆரம்பிங்க மேடம்" என்றார். நான் மும்தாஜிடம் கொடுத்தேன். மும்தாஜ், "கதிர் வந்ததுல நான் கை வைக்க மாட்டேன்க்கா" என்று திருப்பிக் கொடுத்தார். சோறு தின்கிறவர்களுக்குள் பெரிய சங்கடமாகப் போயிற்று. அரை மணி நேரம் நின்றோம். ஒருமனதாகத் தீர்மானித்ததை விட்டுவிட்டு ஒருமனதாக வீட்டுக்கு வந்தோம்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் பாத்திரம் விளக்கினேன்.

டிசம்பர் 4, வியாழன்

விடாத மழை. ஆம்புலன்ஸுக்கு போன் செய்து விசாரித்தேன். தொட்டி வரை வருவார்களாம். அதற்கு மேல் வண்டி புதைந்துவிடும் என்கிறார்கள்.

மத்தியானம் தவறுதலாகச் செண்பகம் நம்பருக்குக் கை பட்டுவிட்டது. ஒரு மணி அடித்ததும் கட் செய்தேன். சாயங்காலமும் ஒரு தடவை அப்படித்தான் பட்டது. இந்த போனில் திரை சரியில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

பதினோரு மணிக் கூட்டம். பொருள்: சாலை வரும்வரை மாற்று ஏற்பாடு. மணல் மூட்டை போடலாமா, பலகை போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து அபி, "அம்மா" என்றாள். சத்தமாகக் கூட இல்லை. போய்ப் பார்த்தேன். பனிக்குடம் உடைந்து தரையெல்லாம் நீர். பத்தொன்பது நாள் முன்னதாக.

என் கை அழுத்திய முதல் நம்பர் ஆம்புலன்ஸ் இல்லை. செண்பகம். அவள் ஹலோ சொல்லக்கூட விடாமல், "செண்பகம், அபிக்கு..." என்றேன். "தொட்டிகிட்ட ஆம்புலன்ஸோட நிக்கிறேன் அண்ணி, நீங்க கொண்டாங்க" என்றாள். ஆறு வருடம் பேசாத மாதிரியே இல்லை.

அபியைச் சங்கத்தின் சிவப்பு நாற்காலியில் உட்கார வைத்தோம். தலைவரும் குணசீலன் சாரும் முன்கால்கள், இவரும் மும்தாஜின் வீட்டுக்காரரும் பின்கால்கள். பதினெட்டாம் எண் வீடு வரை ஓரமாகத் தட்டுத்தடுமாறி வந்தார்கள். அதற்கு மேல் நடைவழி ஒரு ஆளுக்குத்தான், பள்ளத்துப் பக்கம் கால் தொடை வரை இறங்குகிறது. தலைவர் கால் சிக்கி நாற்காலி சாய்ந்தது. அபி என் பெயரைச் சொல்லிக் கத்தினாள், அம்மா என்று இல்லை, இந்திராணி என்று.

"பயிர் மேல வாங்க" என்றார் குணசீலன் சார். "வேர் பிடிச்சிருக்கும், இறங்காது." யாரும் கால் வைக்கவில்லை. அவர்தான் முதலில் வைத்தார். வரிசை வரிசையாகக் கயிறு கட்டி நட்ட மனிதர், அதன் மேலேயே மிதித்து மிதித்து நடந்தார். கதிர் எல்லாம் சாய்ந்து தரையோடு படிந்தது. அதன் மேல் கால் பதிந்து நின்றது. "எடது பக்கம் தூக்கிப் பிடிங்க தலைவரே" என்று அவரே நேராகச் சொன்னார். "பிடிச்சிருக்கேன், நீங்க போங்க" என்றார் அவரும். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் குடையும் பையும் ஃபிளாஸ்குமாக வந்தது. ஒன்பதாம் எண் தாண்டும்போதே, செண்பகம் தொட்டியடியிலிருந்து முழங்காலுக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் பாதி தூரம் இறங்கி வந்து நின்றாள்.

மாலை நாலு பத்துக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ அறுநூறு. அபிக்கு அழுத்தம் ஏறி மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, "சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க" என்று என்னைப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சரியான நேரம் நவம்பர் 20.

டிசம்பர் 12, வெள்ளி

இதைச் செண்பகம் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று டிஸ்சார்ஜ். எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. நானே நேராக இங்கே வண்டியைத் திருப்பச் சொன்னேன். சாம்பாரில் வெல்லம் இருக்கத்தான் செய்கிறது. இரண்டு தடவை ஊற்றிக்கொண்டேன்.

இவர் ஊர்ச் செய்தி கொண்டுவந்தார். பொறியாளர் வந்து பார்த்தாராம். பயிர் இல்லை என்று எழுதிக்கொண்டு போனாராம். நேற்று மூன்று லாரி ஜல்லி வந்து இறங்கிவிட்டது. ஓரத்தில் தப்பி நின்ற இரண்டு வரிசையை மட்டும் குணசீலன் சார் வேலி கட்டி வைத்திருக்கிறார். வேலிக்குக் கம்பு பிடித்துக்கொண்டு நின்றது தலைவராம்.

செண்பகம் வெந்நீர் போடப் போயிருந்தபோது நான் அபியிடம் சொல்லிவிட்டேன். "உன்னை முன்னாடியே இங்க கொண்டு வந்து விட்டிருக்கணும். அந்தச் சேத்துல நாற்காலி சாஞ்சப்ப என் உயிரே போயிருச்சு. என் வீம்புக்கு உன்னைப் பிடிச்சு வச்சிருந்தேன்."

அபி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்த? நீயாவது கிளம்பியிருக்கலாமே."

"அப்பா ரெண்டு தடவை கூப்பிட்டார். அத்தை தினமும் போன் பண்ணுவாங்க, நீ குளிக்கப் போறப்ப." அவள் சிரித்தாள். "நான் கிளம்பியிருந்தா, அந்த மனை வாங்குனது தப்புன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருக்கும்ல. அன்னிக்கு நூறு பேர் முன்னால உன் முகம் எப்படி ஆச்சுன்னு நான் பார்த்தேன். மறுபடியும் அதைப் பாக்க வேணாம்னு இருந்தேன்."

இத்தனை நாளும் அவளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு நன்றாக அழுதேன். செண்பகம் வெந்நீரோடு வந்தவள், எங்களைப் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள். நான்தான் எழுந்து போய்க் கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிட்டேன்.